ஊரே நடத்தும் வளர்ச்சியில் அறக்கட்டளைக்கு என்ன வேலை?

அறக்கட்டளை என்றதும் பலருக்கும் கொடுப்பதுதான் நினைவுக்கு வரும். நோட்டுப்புத்தகம், தையல் இயந்திரம், குடிநீர்த் தொட்டி, பள்ளிக்கு நாற்காலி. கொடுத்தால் வாங்கிக்கொள்வார்கள், படம் எடுக்கலாம், ஆண்டறிக்கையும் நிறைந்துவிடும். வெள்ளமோ தீவிபத்தோ வந்த ஊரில் வேறு வழியும் இல்லை. ஆனால் திட்ட அறிக்கைகளில் ‘சமூகம் வழிநடத்தும் வளர்ச்சி’ என்று எழுதுகிறார்களே, அது வேறு வகை வேலை. அதில் எதைச் செய்வது என்று ஊர் முடிவெடுக்கும். செலவில் ஒரு பங்கை ஊர் போடும். பணம் ஊர்க் கணக்கு வழியாகப் போகும். வேலை முடிந்தபின் பராமரிப்பும் ஊருடையது. இந்த நான்கில் ஒன்று போலியாக இருந்தாலும் அறக்கட்டளை வெளியேறிய இரண்டாம் ஆண்டே வெளுத்துவிடும்.

இதை விளக்கக் கண்மாயைவிட நல்ல உதாரணம் கிடையாது. தமிழ்நாட்டில் சுமார் 39,000 ஏரி, கண்மாய்கள் இருக்கின்றன. மதுரை, சிவகங்கை, ராமநாதபுரம், விருதுநகர் பக்கத்துக் கண்மாய்களில் பெரும்பாலானவை மழையை மட்டும் நம்பியவை. இந்தப் பகுதியில் 1990-களிலிருந்து தொண்டு நிறுவனங்கள் உழவர்களோடு சேர்ந்து கண்மாய்களைச் சீரமைத்து வருகின்றன. மதுரையில் 1997-இல் பதிவான தானம் அறக்கட்டளையின் ‘வயலகம்’ அவற்றில் நன்கு அறியப்பட்டது. கண்மாய்ப் பாசன உழவர்களைச் சங்கமாகத் திரட்டி, அந்தச் சங்கத்தின் வழியாகவே வேலை செய்யும் முறை அது.

கண்மாய் யாருடையது?

இதைத் தெரிந்துகொள்ளாமல் தொடங்கும் புதிய அறக்கட்டளைகள் நிறைய. கண்மாய் அரசுடையது. ஆயக்கட்டு, அதாவது கண்மாய் நீர் பாயும் வயல்பரப்பு, 40 ஹெக்டேருக்கு (சுமார் 100 ஏக்கருக்கு) மேல் இருந்தால் நீர்வளத் துறையின் பொறுப்பு. அதற்குக் கீழே ஊராட்சி ஒன்றியத்தின் பொறுப்பு. உரிய அலுவலகத்தின் எழுத்துப்பூர்வ அனுமதி இல்லாமல் ஒரு கூடை மண்ணைக்கூட நகர்த்தக்கூடாது. வெட்டியெடுத்த வண்டலை உழவர்கள் வயலுக்கு ஓட்டிக்கொள்ள வருவாய்த் துறையின் அனுமதி தனியாக வேண்டும். 2000-ஆம் ஆண்டு உழவர் நீர்ப்பாசன மேலாண்மைச் சட்டத்தின்படி தேர்தல் நடந்து நீரினைப் பயன்படுத்துவோர் சங்கம் ஏற்கெனவே இருக்கிறதா என்றும் பார்க்க வேண்டும். இருக்கும்போது அறக்கட்டளை தன் பங்குக்குப் புதிதாக ஒரு சங்கத்தைத் தொடங்கினால், ஒரே கண்மாய்க்கு இரண்டு தலைவர்கள் என்றாகிவிடும். அதோடு வேலை நின்றது.

சட்டப்படி அரசுடையது என்றாலும், மழை இரவில் கரை கசிந்தால் மண்வெட்டியோடு ஓடுவது அந்த ஊர்தான். அந்தக் கடமைக்குப் பெயர் குடிமராமத்து. ஆங்கிலேயர் அதைக் கட்டாய உழைப்பாக 1858-இல் ஒரு சட்டமாகவே எழுதினார்கள். 2017-இல் தமிழ்நாடு அரசு அதே பெயரில் ஒரு திட்டத்தைக் கொண்டுவந்து, செலவில் 10 விழுக்காட்டை உழவர்கள் உழைப்பாகவோ பொருளாகவோ தரவேண்டும் என்றது. பெயரும் சட்டமும் திட்டமும் மாறி மாறி வந்தன. யாருக்காக வேலை செய்கிறோம் என்ற கணக்கு தெளிவாக இருந்த ஊரில்தான் வேலை நின்று நிலைத்தது.

ஊரைக் கேட்பது எப்படி

‘உங்கள் ஊருக்கு என்ன வேண்டும்?’ என்று கூட்டத்தில் கேட்டால் கூட்டம் அறக்கட்டளையின் முகத்தைப் பார்த்துத்தான் பதில் சொல்லும். போன மாதம் பக்கத்து ஊருக்கு இதே அறக்கட்டளை என்ன கொடுத்தது என்று அவர்களுக்குத் தெரியும். அதையே கேட்பார்கள். இப்படி வந்த பட்டியலை வைத்துக்கொண்டு ‘ஊரே கேட்டது’ என்று எழுதுவது எளிது.

களத்தில் இருப்பவர்கள் வேறு வழிகளைக் கையாள்கிறார்கள். முதல் வழி, நடப்பது. கண்மாய்க்கு நீர் வரும் வரத்துக்கால்வாயின் தலையிலிருந்து கடைசி வயலின் வரப்பு வரை ஊர்க்காரர்களோடு சேர்ந்து நடக்க வேண்டும். முடிந்தால் ஐப்பசி, கார்த்திகையில், தண்ணீர் ஓடும்போதே நடக்க வேண்டும். கோடையில் எல்லாக் கால்வாயும் ஒன்றுபோலத்தான் தெரியும். எங்கே உடைந்து பக்கத்து ஓடைக்குத் தப்புகிறது என்பதைத் தண்ணீர்தான் காட்டிக்கொடுக்கும். இரண்டாவது, தரையில் கோலமாவால் ஊர்ப்படம் போடவைப்பது. எந்த மடை (வயலுக்குத் தண்ணீர் திறக்கும் மதகு), எந்தத் தெரு, எந்தக் கிணறு என்று பெண்கள் போடும் படத்துக்கும் ஆண்கள் போடும் படத்துக்கும் வேறுபாடு இருக்கும். துணி துவைக்கும் படித்துறையும் ஆடு தண்ணீர் குடிக்கும் இறக்கமும் ஆண்களின் படத்தில் பெரும்பாலும் விட்டுப்போகும். மூன்றாவது, பருவ அட்டவணை. பன்னிரண்டு மாதத்தையும் கோடு கிழித்து, வேலை, கடன், நோய், வெளியூர்ப் பிழைப்பு ஒவ்வொன்றுக்கும் எத்தனை புளியங்கொட்டை என்று வைக்கச் சொன்னால், எந்த மாதத்தில் கூட்டம் போடக்கூடாது என்பது முதல் எப்போது பங்குத்தொகை கேட்கலாம் என்பது வரை தெரிந்துவிடும்.

கூட்டத்தை எங்கே போடுவது என்பதும் சிறிய விஷயம் இல்லை. கோயில் மண்டபத்தில் போட்டால் யார் வாசலிலேயே நிற்பார்கள் என்பது அந்த ஊரில் எல்லோருக்கும் தெரியும். அதனால் ஒவ்வொரு தெருவிலும், காலனியிலும் தனித்தனியாக உட்கார்ந்து பேசிவிட்டு, பிறகு பள்ளிக்கூடம் போன்ற பொது இடத்தில் எல்லோரையும் கூட்டுவது நல்லது. கடைசி முடிவு கிராம சபையின் தீர்மானமாகப் பதிவாக வேண்டும். தமிழ்நாட்டில் சனவரி 26, மார்ச் 22, மே 1, ஆகஸ்ட் 15, அக்டோபர் 2, நவம்பர் 1 ஆகிய ஆறு நாள்களில் கிராம சபை கூடுகிறது. கோடையில் வேலை தொடங்க வேண்டுமானால் மார்ச் 22-ஐத் தவறவிடக்கூடாது.

எதை முதலில் சரிசெய்வது?

பங்கேற்பு, பங்கேற்பு என்று பேசுபவர்கள் தொழில்நுட்பத்தைக் கோட்டைவிடுவது உண்டு. ஊர் கேட்கிறது என்பதாலேயே ஒன்று சரியாகிவிடாது. கண்மாய் வேலையில் இதற்குச் சரியான உதாரணம் தூர்வாருவது.

எந்த ஊரில் கேட்டாலும் முதல் கோரிக்கை ‘கண்மாயைத் தூர்வார வேண்டும்’ என்பதுதான். நன்கொடையாளருக்கும் அதுவே பிடிக்கும், ஏனென்றால் பொக்லைன் நிற்கும் படம் நன்றாக வரும். கணக்கைப் போட்டுப் பார்ப்போம். ஒரு ஏக்கர் 43,560 சதுர அடி. அதில் ஒரு அடி ஆழம் வெட்டினால் 43,560 கன அடி மண். நூறு கன அடி ஒரு யூனிட் என்றால் சுமார் 436 யூனிட். மூன்று யூனிட் பிடிக்கும் டிப்பரில் 145 நடை. நூறு ஏக்கர் நீர்ப்பரப்புள்ள கண்மாயில் ஒரே ஒரு அடி எடுக்க 14,500 நடை. எந்தச் சிறு அறக்கட்டளையின் பணமும் இதில் கரைந்துபோகும்.

இப்போது வரத்துக்கால்வாயை எடுத்துக்கொள்வோம். 500 ஹெக்டேர் நீர்ப்பிடிப்பில் 50 மில்லிமீட்டர் மழை. அதில் ஐந்தில் ஒரு பங்கு மட்டும் வழிந்தோடி வருகிறது என்று வைத்தாலும் 50,000 கன மீட்டர் நீர். அது 40 ஏக்கரில் ஒரு அடி நிற்கும் நீர். கால்வாய் மேடேறிக் கிடந்தாலோ நடுவில் உடைந்திருந்தாலோ ஒரே மழையில் இவ்வளவும் வேறு பக்கம் போய்விடும். அதே அளவு கொள்ளளவைத் தோண்டி உண்டாக்க வேண்டுமானால் சுமார் 17,650 யூனிட் மண் எடுக்க வேண்டும். தோண்டிய பிறகும் அதில் நீர் வந்து சேர இதே கால்வாய்தான் வேண்டும்!

ஆகவே அனுபவமுள்ள பொறியாளர்கள் சொல்லும் வரிசை இது: வரத்துக்கால்வாய், பிறகு கலுங்கு, பிறகு மடை, பிறகு கரை, மிச்சப் பணத்தில் தூர். ஒவ்வொன்றிலும் தவறு நடக்கும் இடம் ஒன்று உண்டு.

கால்வாயில் சீமைக்கருவேலத்தை வெட்டினால் போதாது, வேரோடு எடுக்க வேண்டும். வேரை விட்டால் அடுத்த ஆண்டுக்குள் முன்பைவிட அடர்ந்து நிற்கும். எடுத்த மண்ணைக் கால்வாயின் ஓரத்திலேயே குவித்தால் முதல் மழையில் திரும்ப உள்ளே வரும். கால்வாயின் அகலம் எவ்வளவு என்ற கேள்விக்கு ஊரின் நினைவை நம்பாமல் புலப்படத்தை (அரசின் நில அளவை வரைபடத்தை) பார்த்து நில அளவரை வைத்து அளக்க வேண்டும். ஆக்கிரமிப்பு இருந்தால் அகற்றும் அதிகாரம் 2007-ஆம் ஆண்டுச் சட்டப்படி அரசுக்குத்தான் உண்டு. அறக்கட்டளை அதில் கைவைத்தால் வழக்கில் முடியும். சங்கத் தலைவரே ஆக்கிரமிப்பாளராக இருக்கும் ஊர்களும் இல்லாமல் இல்லை.

கலுங்கு என்பது கண்மாய் நிறைந்தபின் மிகுதி நீர் வழியும் இடம். அதை அரை அடி உயர்த்திக் கட்டினால் கூடுதலாகத் தண்ணீர் நிற்குமே என்று ஊரில் கேட்பார்கள். உயர்த்தினால் மேற்புற உள்வாயில், அதாவது நீர் தேங்கும் பக்கத்து ஓரத்தில், இருக்கும் பட்டா நிலம் மூழ்கும். கரைக்கும் நீர்மட்டத்துக்கும் இடையே உள்ள பாதுகாப்பு உயரம் குறையும். கீழே உள்ள கண்மாய்க்கு மறுகால் தண்ணீர், அதாவது கலுங்கில் வழிந்து போகும் நீர், தாமதமாகும். பழைய கலுங்குகளில் வரிசையாகக் குத்துக்கற்கள் நிற்பதைப் பார்த்திருப்பீர்கள். பெருமழை ஓய்ந்த பிறகு, பருவத்தின் கடைசியில் மட்டும் அவற்றுக்கிடையே பலகை வைத்துக் கொஞ்சம் நீரைத் தேக்கினார்கள். அடைமழைக் காலத்தில் திறந்தே விட்டார்கள். அந்த ஒழுங்கை மறந்து ஐப்பசியிலேயே மணல்மூட்டை அடுக்குவதால் கரை உடைவது உண்டு.

மடையில் கவனிக்க வேண்டியது அடிமட்டம். அதற்குக் கீழே எவ்வளவு தோண்டினாலும் அந்தத் தண்ணீர் வயலுக்குப் போகாது. ஆடு மாடு குடிக்கவும் மீனுக்கும் பக்கத்துக் கிணறு ஊறவும் உதவும், அதற்கென்றே ஒரு மூலையில் பள்ளம் வெட்டுவது நல்லதுதான். ஆனால் பாசனத்துக்காக என்று சொல்லி ஊரிடம் பங்குத்தொகை வாங்கிவிட்டு மடைமட்டத்துக்குக் கீழே தோண்டினால் அறுவடையில் கேள்வி வரும். கரைக்கு மண் போடும்போது 15 முதல் 20 சென்டிமீட்டர் அடுக்காகப் பரப்பி, தண்ணீர் தெளித்து, உருளை ஓட்டி இறுக்க வேண்டும். டிப்பரில் கொட்டி மேலே சமன் செய்தால் பார்க்க உயரமாக இருக்கும், மார்கழிக்குள் ஒரு முழம் அமிழ்ந்துவிடும். மண் எடுப்பது கரையின் அடியை ஒட்டி இருக்கவே கூடாது.

பங்குத்தொகை

அறக்கட்டளை முழுப் பணமும் தரத் தயாராக இருக்கும்போது ஏழை உழவரிடம் ஏன் காசு கேட்க வேண்டும்? நியாயமான கேள்விதான். போட்ட பணத்துக்கு உரிமை வரும் என்பது ஒரு பதில். அதைவிட நடைமுறையான பதில் ஒன்று உண்டு: தேவையில்லாத வேலைக்கு ஊர் காசு தராது. பங்குத்தொகை சேரவில்லை என்றால் ஊர் சோம்பேறி என்று பொருள் கொள்ளாமல், திட்டத்தில் ஏதோ பிழை என்று முதலில் சந்தேகப்பட வேண்டும்.

கணக்குக்காக ஒரு கண்மாயை எடுத்துக்கொள்வோம். மதிப்பீடு 12 லட்சம் ரூபாய். ஊரின் பங்கு 15 விழுக்காடு, அதாவது 1,80,000. ஆயக்கட்டு 120 ஏக்கர் என்றால் ஏக்கருக்கு 1,500 ரூபாய். வீட்டுக்கு இவ்வளவு என்று வசூலித்தால் அரை ஏக்கர்காரரும் பத்து ஏக்கர்காரரும் ஒரே தொகை தருவார்கள், அது அநியாயம். ஏக்கர் கணக்கே முறை. நிலமில்லாதவர்களிடம் பணம் வாங்கக்கூடாது. ஆடு மேய்க்கவும் துவைக்கவும் மீன் பிடிக்கவும் அவர்களுக்கும் கண்மாய் வேண்டும் என்பதால், அவர்கள் விரும்பினால் உழைப்பாகத் தரலாம். உழைப்பை அன்றைய கூலிக் கணக்கில் வருகைப் பதிவேட்டில் ஏற்ற வேண்டும். வசூல் தை, மாசியில், நெல் விற்ற கையோடு நடக்க வேண்டும். ஆடியில் போய்க் கேட்டால் வட்டிக்கு வாங்கித்தான் தருவார்கள்.

இங்கே நடக்கும் மிகப் பெரிய ஏமாற்று, ஒப்பந்தக்காரரே ஊரின் பங்கைக் கட்டிவிடுவது. வேலையை எனக்கே கொடுத்துவிடுங்கள், உங்கள் பங்கையும் நானே போட்டுக்கொள்கிறேன் என்பார். அந்தப் பணத்தைக் கரையின் மண்ணிலும் மடையின் சிமென்டிலும் திரும்ப எடுத்துக்கொள்வார். கண்டுபிடிப்பது கடினம் இல்லை. உண்மையான வசூல் என்றால் வங்கிக் கணக்கில் சிறுசிறு தொகைகளாகப் பல வாரங்களுக்கு வரவு இருக்கும். பெயர், சர்வே எண், ஏக்கர் போட்ட ரசீதின் அடிக்கட்டை இருக்கும். ஒரே நாளில் 1,80,000 மொத்தமாக வந்திருந்தால் அறக்கட்டளை அங்கேயே நிறுத்திக் கேட்க வேண்டும்.

சங்கமும் கணக்கும்

தமிழ்நாடு சங்கங்கள் பதிவுச் சட்டம் 1975-இன்படி ஏழு பேர் சேர்ந்தால் சங்கம் பதியலாம். ஏழு பேர் யார் என்பதில்தான் எல்லாம் இருக்கிறது. பதிவு அவசரத்தில் தலைமடைக்காரர்கள் (மடைக்கு அருகில் நிலம் உள்ளவர்கள்) ஏழு பேரும் கையெழுத்துப் போட்டுவிட்டால், கடைசியில் இருக்கும் கடைமடை வயல்களுக்குத் தண்ணீர் வராதது பற்றி அந்தக் குழுவில் யாரும் பேசமாட்டார்கள். மடைக்கு ஒருவர், ஒவ்வொரு மடையிலும் தலை, இடை, கடை என்று பகுதிக்கு ஒருவர், நிலமற்ற பயனாளிகளில் ஒருவர் என்று இடங்களை விதியிலேயே எழுதிவிட வேண்டும். பட்டா பெரும்பாலும் ஆண் பெயரில் இருப்பதால், பட்டாதாரர்தான் உறுப்பினர் என்று வைத்தால் நாற்று நடுவதும் களையெடுப்பதுமாக வயலில் பாதி நாள் நிற்கும் பெண்கள் எல்லோரும் வெளியே போய்விடுவார்கள். குடும்பத்துக்கு இரண்டு பேர் உறுப்பினர் என்று எழுதினால் இது தீரும்.

வங்கிக் கணக்கில் மூவர் கையெழுத்து, அவர்களில் எந்த இருவரும் ஒரே குடும்பம் இல்லை. வேலை அளக்கப்பட்டு, அளவுப் புத்தகத்தில் ஏறிய பிறகே பணம். வரவும் செலவும் ஊர்ப் பொது இடத்தில் ஒரு பலகையில் எழுதப்பட வேண்டும், ஜே.சி.பி. மணிக்கு எவ்வளவு, எத்தனை மணி நேரம் ஓடியது என்பது உட்பட. டீக்கடையில் உட்கார்ந்து அதை வாசிப்பவர்கள் செய்யும் தணிக்கைக்கு எந்தத் தணிக்கையாளரும் ஈடாகமாட்டார்.

ஊர்ச் சங்கங்கள் பொதுச் சொத்தை எப்படிக் காக்கின்றன என்பதை ஆராய்ந்து 2009-இல் பொருளியலுக்கான நோபல் பரிசைப் பெற்றவர் எலினர் ஆஸ்ட்ரம். நேபாளப் பாசனக் கால்வாய்களில் அவரும் உடன் ஆய்வாளர்களும் பார்த்த ஒன்று அறக்கட்டளைகள் அவசியம் தெரிந்துகொள்ள வேண்டியது. கல்லும் மரமும் மண்ணும் வைத்து உழவர்களே கட்டிய தற்காலிகத் தடுப்புகள் ஒவ்வொரு வெள்ளத்துக்கும் அடித்துப் போயின. அப்படியும், அரசு கான்கிரீட்டில் கட்டிக்கொடுத்த கால்வாய்களைவிட அவற்றில்தான் கடைமடைக்குத் தண்ணீர் ஒழுங்காகப் போனது. காரணம் எளிது. ஆண்டுதோறும் தடுப்பைத் திரும்பக் கட்ட ஆள்பலம் வேண்டும். கடைமடைக்காரர் வராவிட்டால் தலைமடைக்காரரால் முடியாது. அதனால் தண்ணீரைப் பகிர்ந்தார்கள். நிரந்தரத் தடுப்பு வந்ததும் தலைமடைக்குக் கடைமடையின் தயவு தேவைப்படவில்லை. கான்கிரீட்டே வேண்டாம் என்று இதற்குப் பொருள் இல்லை. கட்டித் தருவதற்கு முன்னால், இந்தக் கட்டடம் யாருக்கு யாருடைய தேவையை ஒழித்துவிடும் என்று யோசித்துவிட்டு, தண்ணீர் முறையை எழுதி வாங்கிக்கொண்டு கட்ட வேண்டும்.

நீர்க்கட்டியை மறந்துவிடக் கூடாது. மடையைத் திறந்து மூடி, வயல் வயலாகத் தண்ணீர் விடுபவர் அவர்தான். மடைக்குடும்பன், நீர்ப்பாய்ச்சி என்று ஊருக்கு ஊர் பெயர் மாறும். சம்பளம் வழக்கமாக ஏக்கருக்கு இத்தனை மரக்கால் நெல். பல ஊர்களில் இந்த வழக்கம் நின்றுபோய், அவரவர் மடையை அவரவர் திறக்கத் தொடங்கியதும்தான் கடைமடை காய்ந்தது. சங்கம் ஏக்கருக்கு 500 ரூபாய் வீதம் மூலநிதி (முதலைத் தொடாமல் வட்டியை மட்டும் செலவிடும் நிதி) சேர்த்தால், மேலே சொன்ன கண்மாயில் 60,000 ரூபாய் சேரும். ஏழு விழுக்காடு வட்டியில் ஆண்டுக்கு 4,200. அது மடைக்கதவுக்குக் கிரீசும் சாயமும் வாங்கத்தான் போதும், ஆள் சம்பளத்துக்குப் போதாது. எனவே நெல்லாகவோ பணமாகவோ ஏக்கர் வரியை மீண்டும் கொண்டுவர வேண்டும், அல்லது மீன் குத்தகையில் ஒரு பங்கு சங்கத்துக்கு வர ஊராட்சியிடமோ துறையிடமோ பேச வேண்டும். மூலநிதி ஒன்றே எல்லாவற்றையும் பார்த்துக்கொள்ளும் என்று எழுதப்பட்ட திட்டங்களை இந்தக் கூட்டல் கழித்தலைப் போட்டுப் பார்த்தாலே எடைபோட்டுவிடலாம்.

நன்கொடையின் நாட்காட்டியும் மழையின் நாட்காட்டியும்

அறக்கட்டளையின் பணம் பெரும்பாலும் மார்ச் 31-ஐப் பார்த்து ஓடுகிறது. வரிவிலக்குப் பெற்ற அறக்கட்டளை ஆண்டு வருமானத்தில் 85 விழுக்காட்டை அறப்பணிக்குச் செலவிட்டிருக்க வேண்டும். நிறுவனங்களின் சமூகப் பொறுப்பு நிதிக்கும் நிதியாண்டு உண்டு. ஆனால் கண்மாய் சித்திரையிலிருந்து ஆவணி வரைதான் காய்ந்து கிடக்கும், வேலை அப்போதுதான் நடக்கும். சனவரியில் வந்த பணத்தை மார்ச்சுக்குள் செலவிட வேண்டும் என்றால், தண்ணீர் நிற்கும் கண்மாயில் என்ன செய்வது? கூட்டம், தீர்மானம், வசூல் எல்லாவற்றையும் தாண்டிக் குதித்துப் பொக்லைனை இறக்கிவிடுவார்கள். ஊரைக் கேட்காமல் வேலை நடந்ததற்கு அறக்கட்டளையின் மனநிலையைக் காரணம் சொல்வார்கள். பல நேரம் காரணம் வெறும் நாட்காட்டி.

இதற்கு வழி இருக்கிறது. நிறுவனத்திடம் பேசும்போதே இதைத் ‘தொடர் திட்டம்’ என்று ஒப்புதல் வாங்கச் சொல்ல வேண்டும். அப்போது செலவாகாத தொகையைத் தனிக் கணக்குக்கு மாற்றி மூன்று நிதியாண்டுகளுக்குள் செலவிடலாம். சொந்த நன்கொடை என்றால், குறிப்பிட்ட நோக்கத்தை உரிய படிவத்தில் தெரிவித்து ஐந்து ஆண்டுகள் வரை தேக்கிவைக்க வருமான வரிச் சட்டம் இடம் தருகிறது. படிவத்தைத் தாக்கல் செய்யும் கெடுவை மட்டும் விடக்கூடாது.

இன்னும் இரண்டு கண்ணிகள் உண்டு. நிறுவனங்கள் ஓர் அமைப்பின் மூலநிதிக்குத் தரும் பணம் 2021 முதல் சமூகப் பொறுப்புச் செலவாகக் கணக்கில் வராது. எனவே ஊர்ச் சங்கத்தின் மூலநிதியை ஊர்தான் சேர்க்க வேண்டும். வெளிநாட்டு நன்கொடையை வாங்கிய அறக்கட்டளை, 2020-இன் திருத்தத்துக்குப் பிறகு அதை வேறு எந்த அமைப்புக்கும் கைமாற்ற முடியாது, நிர்வாகச் செலவும் 20 விழுக்காட்டைத் தாண்டக்கூடாது. ஊர்க் கணக்கின் வழியாகப் பணம் போக வேண்டும் என்ற அடிப்படையே இதனால் அடிபடுகிறது. வெளிநாட்டுப் பணத்தில் வேலை நடந்தால் அறக்கட்டளையே நேரடியாகப் பில்லுக்குப் பணம் தர வேண்டியிருக்கும். அப்படிப்பட்ட இடங்களில், சங்கத்தின் அளவுப் பதிவும் ஒப்புதல் கையெழுத்தும் இல்லாமல் எந்தப் பில்லும் போகாது என்றாவது எழுதிக்கொள்ள வேண்டும்.

பள்ளிக்கூடத்திலும் இதே முறைதான்

கண்மாயைப் பார்த்த கண்ணோடு கல்வித் திட்டத்தைப் பார்த்தால் எளிதில் புரியும். 2009-இன் கட்டாயக் கல்விச் சட்டப்படி ஒவ்வோர் அரசுப் பள்ளிக்கும் பள்ளி மேலாண்மைக் குழு உண்டு. அதில் முக்கால் பங்கு பெற்றோர், பாதிப் பேர் பெண்கள். அறக்கட்டளை தனியாக ஒரு பெற்றோர் குழுவை அமைப்பதைவிட, இருக்கும் குழு பள்ளி வளர்ச்சித் திட்டத்தை எழுதவும் கிராம சபையில் வைக்கவும் உதவினால் போதும்.

மாலை நேரப் படிப்பு மையம் வைப்பது பலரும் செய்வது. 20 குழந்தைகளுக்கு ஓர் உள்ளூர்ப் பெண், மாலையில் ஒன்றரை மணி நேரம். 2021-இல் அரசு தொடங்கிய இல்லம் தேடிக் கல்வியும் உள்ளூர்த் தன்னார்வலர்களை வைத்தே நடந்தது. இது கெட்டுப்போகும் வழி எப்போதும் ஒன்றே: வீட்டுப்பாடம் எழுதும் டியூஷனாக மாறிவிடும். அதைத் தடுக்க, தொடங்கும்போதே ஒவ்வொரு குழந்தையும் எந்த நிலையில் வாசிக்கிறது என்று பார்க்க வேண்டும். பிரதம் அமைப்பு 2005 முதல் நடத்தும் ஏசர் கணக்கெடுப்பின் முறை எளியது: எழுத்து, சொல், சிறு பத்தி, கதை. ஒரு குழந்தைக்குச் சில நிமிடம் போதும். வகுப்பைப் பார்க்காமல் இந்த நிலையைப் பார்த்துக் குழு பிரித்து, மூன்று மாதத்துக்கு ஒருமுறை திரும்பப் பார்க்க வேண்டும். முடிவைப் பெற்றோர் கூட்டத்தில் சொல்லும்போது பெயர் சொல்லாமல், எத்தனை பேர் எந்தப் படியிலிருந்து எந்தப் படிக்கு வந்தார்கள் என்று மட்டும் சொல்வது நல்லது. மையம் மூடப்படுவதற்கு அடுத்த காரணம் ஊக்கத்தொகை மூன்று மாதம் தாமதமாவது. அது ஊரின் குற்றம் இல்லை.

கண்மாயையும் பள்ளியையும் இணைக்கச் செலவில்லாத வழி ஒன்று: பள்ளியில் மழைமானி, மடைக்கல்லில் அளவுகோல். ஏழாம் வகுப்புப் பிள்ளைகள் தினமும் குறிக்கலாம். ஒரு மில்லிமீட்டர் மழை ஒரு ஹெக்டேரில் 10,000 லிட்டர் என்ற கணக்கு தெரிந்த பிள்ளை, இந்த மழைக்குக் கண்மாய் ஏன் இவ்வளவுதான் ஏறியது என்று கேட்கும். சங்கக் கூட்டத்தில் அந்தக் குறிப்பேட்டை வைத்தால் தண்ணீர் முறை பற்றிய பாதிச் சண்டை வராது.

எப்போது விலகுவது?

திட்டம் எழுதும்போதே விலகும் ஆண்டையும் எழுத வேண்டும். மூன்று ஆண்டு என்பது பலரும் எடுத்துக்கொள்ளும் கணக்கு: முதல் ஆண்டு ஊரைத் திரட்டவும் வசூலுக்கும், இரண்டாவது வேலைக்கு, மூன்றாவது சங்கம் தானாக நடப்பதைப் பக்கத்தில் இருந்து பார்ப்பதற்கு. மூன்றாம் ஆண்டுக்கான பணத்தைத்தான் நன்கொடையாளர்கள் முதலில் வெட்டுவார்கள். கட்டடம் எதுவும் இல்லாத ஆண்டுக்கு எதற்குச் செலவு என்பார்கள். ஊழியர் சம்பளமும் பயணமும் மட்டுமே உள்ள அந்த ஆண்டுதான் மற்ற இரண்டு ஆண்டுச் செலவையும் காப்பாற்றுகிறது என்று சொல்லிப் புரியவைப்பது அறக்கட்டளையின் பொறுப்பு.

விலகலாமா என்று பார்க்கச் சில கேள்விகள் உதவும். ஆண்டுப் பொதுக்குழு அறக்கட்டளை ஊழியர் இல்லாமல் கூடியதா? பதிவாளர் அலுவலகத்தில் ஆண்டுக் கணக்கைச் சங்கமே தாக்கல் செய்ததா? கலுங்கு வழிந்த நாளில் ஒன்றிய அலுவலகத்துக்கு யார் போன் செய்தார்கள்? வரிசை மீறித் தண்ணீர் திறந்த ஒருவருக்கு அபராதம் போட்டார்களா, அந்த அபராதம் வசூலானதா? கடைசிக் கேள்விக்கு ‘ஆம்’ என்ற பதில் வந்தால் மற்றவை பற்றி அதிகம் கவலைப்பட வேண்டியதில்லை. குறிப்பாக அந்த ஒருவர் ஊரில் செல்வாக்குள்ளவராக இருந்தால்.

ஒப்படைக்கும்போது புலப்படத்தின் நகல், மதிப்பீடு, வேலை முடிந்தபின் எடுத்த மட்ட அளவுகள், மடைக்கதவின் அளவும் அதைச் செய்த பட்டறையின் பெயரும், ரசீதுக் கட்டைகள், துறையின் அனுமதிக் கடிதம் எல்லாம் ஒரே கோப்பில் சங்கத்திடம் இருக்க வேண்டும். ஐந்து ஆண்டு கழித்துக் கதவு துருப்பிடித்தால் புதுச் செயலாளருக்கு அந்தக் கோப்புதான் தேவைப்படும். ஒரு பிரதி கீழ்க்கண்மாய் ஊரின் சங்கத்துக்கும் போகட்டும். இந்தக் கண்மாயின் மறுகால் அவர்களுடைய வரத்துக்கால்வாய், கலுங்கின் மட்டம் எவ்வளவு என்று கேட்கும் உரிமை அவர்களுக்கும் உண்டு.